அப்பா மலையில், புள்ளி அஸ்தம்பட்டியில்

ஏற்காட்டில், சேலத்தைப் பார்த்த சரிவில் இருக்கும் ஒரு காபித் தோட்டத்தில் அப்பா மேஸ்திரி. வயது 66. வீடு கன்னங்குறிச்சியில். காலை ஆறரைக்கு எக்ஸெல் மொபெட்டை எடுத்தால் கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். பழம் பறிக்கிற மாதங்களில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

போன நவம்பரில் ஒரு நாள் ஏழு மணியாகியும் வரவில்லை. நல்ல மழை. அம்மா கூப்பிட்டுப் பார்த்தார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. குடும்பத்துக்கென்று போட்டு வைத்திருந்த இடம் காட்டும் செயலியைத் தம்பி திறந்தான். அப்பாவின் புள்ளி அஸ்தம்பட்டியில் நின்றது. "எறங்கிட்டாரு, மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பாரு" என்றான். நாங்களும் நம்பினோம். ஒன்றரை மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை. தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நனைந்தபடி கிடந்திருக்கிறார். ஒன்பது மணிக்கு மேல் லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) ஆட்கள் இரண்டு பேர் டார்ச் எடுத்துக்கொண்டு தேடிப் போய்த் தூக்கி வந்தார்கள். புள்ளி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஏழு மணிக்கே மேலே போன் போட்டுத் தேடச் சொல்லியிருப்போம். தகவலே இல்லாததைவிடத் தப்பான தகவல் எவ்வளவு மோசம் என்று அன்றைக்குப் பட்டது. நான் 11 வருடமாக போன் ரிப்பேர் பார்க்கிறவள். அந்தப் புள்ளி ஏன் அங்கே நின்றது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதன் பதிவுதான் இது.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன் எங்கே இருக்கிறது என்று நெட்வொர்க்குக்கு எந்நேரமும் தெரியும் என்றுதான் என்னிடம் ரிப்பேருக்கு வருகிற பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. சும்மா சட்டைப் பையில் கிடக்கிற போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்பதுகூட அதற்குத் தெரியாது. பல டவர்களைச் சேர்த்து வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். 2ஜியில் அதன் பெயர் லொகேஷன் ஏரியா, 4ஜியில் டிராக்கிங் ஏரியா. ஒரு வட்டாரத்தை விட்டு இன்னொன்றில் நுழைந்தால்தான் போன் 'இங்கே வந்துவிட்டேன்' என்று சொல்லும். யாராவது அழைத்தால், அந்த வட்டாரத்து டவர்கள் தண்டோரா போடுகிற மாதிரி போனின் தற்காலிக அடையாள எண்ணைக் கூவும். பேஜிங் என்பது அதுதான். போன் பதில் கொடுத்த பிறகுதான் எந்த டவர் என்பது தெரியவரும்.

இப்படி அமைத்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு டவர் மாறும்போதும் சொல்லச் சொன்னால் போனின் பேட்டரி கரையும், அலைவரிசையும் வீணாகும். வட்டாரத்தை ரொம்பப் பெரிதாக்கினால் ஒரே ஒரு அழைப்புக்காக ஏகப்பட்ட டவர்கள் கூவ வேண்டும். ஆகவே நடுவே ஓர் அளவு. நகராமல் கிடக்கிற போனும் அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று தலைகாட்ட வேண்டும். 4ஜி தரநிலையில் அந்த டைமரின் இயல்பு மதிப்பு 54 நிமிடம். போனை ஒழுங்காக ஆஃப் செய்தால் அது நெட்வொர்க்கிடம் சொல்லிவிட்டுப் போகும். பள்ளத்தில் இறங்கி சிக்னல் அறுந்தால் சொல்ல வழியில்லை. டைமர் முடிகிற வரைக்கும் பழைய வட்டாரத்திலேயே இருப்பதாக நெட்வொர்க் நம்பிக்கொண்டிருக்கும். அன்றைக்கு நாங்கள் செய்ததும் அதையேதான்.

சரி, பழைய இடம் என்றாலும் அது ஏன் அஸ்தம்பட்டி? அப்பா அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டார். புள்ளியோ மாலை ஐந்தே காலுக்கு வந்தது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய போனோடு கிளம்பினேன். அதில் டெர்மக்ஸ் போட்டிருந்தேன். ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் செயலி. அதன் ஏபிஐ துணைச் செயலியையும் சேர்த்தால் ஜிபிஎஸ், செல் (டவரின் ஒரு ஆண்டெனா எட்டும் பகுதி) விவரம், பேட்டரி, எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டிலிருந்தே கேட்கலாம். பத்து விநாடிக்கு ஒருமுறை எந்த செல்லில் இருக்கிறேன், ஜிபிஎஸ் என்ன சொல்கிறது என்று கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து வண்டியை விட்டேன்.

4ஜியில் ஒவ்வொரு செல்லுக்கும் 28 பிட் நீளத்தில் ஓர் எண் உண்டு. பார்க்க ஒன்பது இலக்கக் குப்பை மாதிரி இருக்கும். அதை 256 ஆல் வகுத்தால் ஈவு டவரின் எண், மீதி அந்த டவரில் எந்தப் பக்கத்து ஆண்டெனா என்பது. அடிவாரம் வரை நாலைந்து ஈவுகள் மாறின. வளைவுகளில் ஏற ஏற மலையின் சொந்த டவர்கள் வந்தன. பாறைச் சுவருக்கு ஒட்டின வளைவுகளில் ஒன்றுமே இல்லை. மலை விளிம்பில் சேலத்தைப் பார்க்கிற இடமான லேடீஸ் சீட்டில் வண்டியை நிறுத்தி, ஒரு டீ வாங்கிக்கொண்டு கைப்பிடிக் கம்பிப் பக்கம் போய் போனைப் பார்த்தேன். எண்ணை வகுத்தேன். நம்ப முடியாமல் மறுபடி வகுத்தேன். காலையில் ரவுண்டானாவில் குறித்து வைத்த அதே ஈவு.

யோசித்துப் பார்த்தால் இது நடக்கக்கூடியதுதான். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். சரிவின் விளிம்பில் நின்றால் கீழே ஊருக்கும் நமக்கும் நடுவே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. மலை டவரோ முதுகுப் பக்கம், ஒரு மேட்டுக்கு அந்தாண்டை. இரவில் லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்ணுக்கு எட்டுகிற டவர் போனுக்கும் எட்டும். டவர் ஆண்டெனாக்களைக் கொஞ்சம் கீழே சாய்த்துத்தான் மாட்டுவார்கள், ஆனாலும் மேல்பக்கம் கசியத்தான் செய்யும். மரத்தடியில் ஜிபிஎஸ் கிடைக்காமல் போனபோது அப்பாவின் போன் கையில் கிடைத்த செல் எண்ணை மட்டும் கொடுத்திருக்கிறது. அந்த எண் எந்த ஊர் டவருடையது என்று எங்கோ ஒரு பட்டியலில் பார்த்து, செயலி அங்கே புள்ளி வைத்துவிட்டது.

நான் கொண்டுபோன பழைய போன் இன்னொன்றையும் சொன்னது. அதைப் பார்த்ததில்தான் எனக்கு உண்மையான சந்தோஷம். டைமிங் அட்வான்ஸ் என்று ஓர் எண். போனின் சிக்னல் டவருக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும் அல்லவா? தூரத்துப் போன் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பினால்தான் பக்கத்துப் போன்களின் சிக்னலோடு ஒழுங்காக வந்து சேரும். எவ்வளவு முன்கூட்டி என்று டவர் சொல்லிக்கொண்டே இருக்கும். 4ஜியில் ஒரு படி என்பது சுமார் 78 மீட்டர் தூரம். 2ஜியில் ஒரு படிக்கு ஏறக்குறைய 550 மீட்டர், மொத்தம் 63 படி. 2ஜி டவரின் வீச்சு 35 கிலோமீட்டரோடு நின்றதற்கு அதுதான் காரணம். லேடீஸ் சீட்டில் நான் பார்த்த எண் 141. எழுபத்தெட்டால் பெருக்கினால் 11 கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் ஒட்டினேன். அஸ்தம்பட்டியில் ஒரு ஊசி குத்தி, நூலில் பென்சிலைக் கட்டி, அளவுகோலின்படி 11 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டேன். மற்ற திசைகளில் கோடு சமவெளி ஊர்கள் வழியாகப் போனது. அந்த ஆண்டெனா பார்க்கிற வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் நேராகச் சேர்வராயன் மலைச் சரிவில் ஏறி, லேடீஸ் சீட்டை ஒட்டிப் போனது. நவம்பரில் யாராவது இந்த ஒரு எண்ணைச் சேர்த்துப் பார்த்திருந்தால் அப்பா மலையில் இருக்கிறார் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

அப்பாவின் போனில் அதே எண்ணைக் கேட்டேன். 2147483647 என்றது. 31 பிட்டுகளும் நிரம்பினால் வருகிற எண் அது, 'எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். பல போன்கள் இந்த விவரத்தை வெளியே விடுவதே இல்லை. விடுகிற போன்களும் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சரியான மதிப்பைக் காட்டும். ஆகவே அழகான வழி என்றாலும் அதைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பதில் ஒரு பட்டியல் தயாரித்தேன். செல் எண்ணுக்கு டவர் எங்கே என்று தேடுவதில் மலையில் அர்த்தமில்லை. அந்தச் செல்லை நாம் எங்கெங்கே கேட்டோம் என்பதுதான் வேண்டும். இணையத்தில் இப்படிப் பலர் சேர்ந்து தொகுத்த தரவுகள் உண்டு. மொசில்லா நடத்தி வந்த சேவையை 2024இல் நிறுத்திவிட்டார்கள். ஓப்பன்செல்ஐடி இருக்கிறது. ஆனால் ஒரே செல் சமவெளியிலும் கேட்கிறது, மலை விளிம்பிலும் கேட்கிறது என்றால், இரண்டையும் சராசரி எடுத்து ஒரு புள்ளி வைத்தால் அது நடுவழியில் ஆளே இல்லாத காட்டில் போய் உட்காரும். நான் சராசரி எடுக்கவில்லை. அந்த செல்லோடு பக்கத்து செல்களாக எவை கேட்கின்றன என்பதையும் சேர்த்து எழுதினேன். பக்கத்து செல்களுக்கு முழு எண் பெரும்பாலும் கிடைக்காது, 0 முதல் 503 வரை ஒரு சின்ன எண் மட்டும் வரும். அதுவே போதும். அஸ்தம்பட்டி செல்லோடு ஊர் டவர்கள் கேட்டால் ஆள் கீழே. அதே செல்லோடு மலை டவரின் சின்ன எண் ஈனமாகவாவது கேட்டால் ஆள் மேலே. அப்பாவோடு நான்கு நாள் தோட்டம் முழுக்க நடந்து இதைச் சேர்த்தேன். களம், பம்பு ஷெட், லைன் வீடு, மிளகுக் கொடி ஏறின மேட்டுப் பாத்தி, ஓடைப் பள்ளம் என்று அவர் சொல்கிற பெயர்களையே இடப் பெயர்களாக வைத்தேன்.

நடக்கும்போது அப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, மாட்டுக்கு மணி கட்டறாப்பல எனக்குக் கட்டப் போறியா?"

நியாயமான கேள்விதான். ஒருவரின் இடத்தை இன்னொருவர் எந்நேரமும் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை, அப்பா மகளாக இருந்தாலும். அவர் ஒத்துக்கொள்ளாமல் ஒரு வரி நிரல்கூட அவர் போனில் ஏற்றுவதில்லை என்று சொன்னேன். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. தோட்டத்து நிர்வாகத்தில் யாரும் பார்க்கக் கூடாது. நான் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தேன்: ஏழு நாளுக்கு முந்தினது தானாக அழிந்துவிடும். போனின் முகப்பில் பெரிதாக ஒரு பொத்தான் வைத்தேன், அவர் நினைத்தபோது அணைக்கலாம். இந்த மாதிரி ஒன்றைச் செய்கிறவர்கள் அந்தப் பொத்தானை முதல் நாளே வைத்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஸ்கிரிப்ட் பெரிதில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து ஜிபிஎஸ்ஸைக் கேட்கும். கிடைக்காவிட்டால் செல் பட்டியல். எது கிடைத்தாலும் முதலில் போனிலேயே எழுதிக்கொள்ளும், அப்புறம்தான் அனுப்பும். ஆனால் முதல் வாரம் ஒன்றும் சரியாக ஓடவில்லை. திரை அணைந்து போன் அசையாமல் கிடந்தால் ஆண்ட்ராய்டு பின்னணி வேலைகளைத் தூங்க வைத்துவிடும். ஆண்ட்ராய்டு 6 முதல் இருக்கிற ஏற்பாடு இது. டோஸ் என்பார்கள். அதற்கு மேல் போன் தயாரித்தவர்களின் பேட்டரி சேமிப்பு வேறு. டெர்மக்ஸை இரண்டிலிருந்தும் விலக்கி, இட அனுமதியை 'எப்போதும்' என்று மாற்றி, போனைத் தூங்கவிடாத விழிப்புப் பூட்டு கட்டளையையும் போட்ட பிறகு நிற்காமல் ஓடியது. இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மதியத்துக்கு மேல் தகவல் நின்றுவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து.

அடுத்து பேட்டரி. நாலு மணிக்கே போன் அணைந்தது. மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்லும். ஒரு முழுச் சுற்றுக்கு 30 விநாடி. நடுவில் நனைந்த இலைக் கூட்டம் சிக்னலை மறித்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இப்படி நாலு செயற்கைக்கோளாவது வேண்டும். ஆனால் ஒருமுறை வாங்கிய பாதை விவரம் நாலு மணி நேரம் அளவுக்குத் தாங்கும். ஆகவே திறந்த இடத்தில் இருக்கும்போதே அடிக்கடி வாங்கி வைத்துக்கொண்டால் மரத்தடியில் சீக்கிரம் பிடித்துவிடும். தேடலுக்கு 90 விநாடி கெடு வைத்தேன். ஒரு தடவை கிடைக்காவிட்டால் விட்டுவிடும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கும். இப்போது இரவு எட்டு மணிக்கு பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறது.

அப்பா இன்றும் நம்புவது பனி இறங்கினால் ஜிபிஎஸ்ஸும் டவரும் போய்விடும் என்று. பனியும் மேகமும் இந்த அலைவரிசைகளை ஒன்றும் செய்வதில்லை. அந்த நாட்களில் கரண்ட் போகும். டவரின் பேட்டரியும் தீர்ந்தால் சிக்னல் போகும். காரணம் வேறு என்றாலும் அவர் பார்த்த அளவில் சரிதான்.

உயரம் ஒரு நல்ல சாட்சி. அட்ச ரேகை, தீர்க்க ரேகையோடு ஜிபிஎஸ் உயரத்தையும் கொடுக்கிறது. கீழே 300க்குள், மேலே ஆயிரத்துக்கு மேல். குழப்பத்துக்கே இடமில்லை. ஆனால் எங்கள் வீட்டு மாடியில் போன் 200 மீட்டர் சொச்சம் என்று காட்டியபோது கொஞ்சம் தடுமாறினேன். ஜிபிஎஸ் கணக்கிடுவது பூமியின் வடிவமாக வைத்துக்கொண்ட ஒரு கணித நீள்கோளத்திலிருந்து. கடல் மட்டம் அதோடு ஒத்துப்போகாது. நம் தமிழ்நாட்டுப் பக்கம் கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு 90 மீட்டர் அளவுக்குக் கீழே கிடக்கிறது. அதைக் கூட்டினால் சரியாக வந்தது.

புள்ளியைச் சுற்றிப் போன் போடுகிற துல்லிய வட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 'துல்லியம் 20 மீட்டர்' என்றால், ஆள் அந்த 20 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் பொருள். மூன்றில் ஒரு தடவை வெளியே இருக்கலாம். அவசரத்துக்குத் தேடிப் போகிறவருக்கு அது போதாது. அமெரிக்காவில் அவசர அழைப்புகளுக்கு 1999இல் வைத்த விதி இதற்கு நல்ல அளவுகோல்: போனே இடத்தைக் கணக்கிடும் முறையில் 67 சதவீத அழைப்புகளுக்கு 50 மீட்டர், 95 சதவீத அழைப்புகளுக்கு 150 மீட்டர். அதாவது நம்பிக்கையைக் கூட்ட வட்டத்தை மூன்று மடங்கு ஆக்கியிருக்கிறார்கள். நானும் போன் சொல்கிற வட்டத்தை மூன்றால் பெருக்கித்தான் காட்டுகிறேன்.

வீட்டில் தகவலை வாங்க ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி. அதில் மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி சர்வர், சின்னச் சின்னத் தகவல்களை வாங்கிக் கேட்கிறவருக்குக் கொடுப்பது. வீட்டு இணைப்புக்கும் போனுக்கும் ஐபிவி6 முகவரி இருந்ததால் நேரடியாகப் பேச முடிந்தது. சான்றிதழ், கடவுச்சொல் எல்லாம் போட்டுப் பூட்டினேன். கடைசித் தகவலை சர்வரே பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி எம்க்யூடிடியில் உண்டு, எப்போது கேட்டாலும் கொடுக்கும். இது போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஜனவரியில் ஒரு நாள் எங்கள் தெருவில் கரண்ட் போய் வந்தது. அம்மா கேட்டபோது பார்த்தேன், அப்பா களத்தில் இருப்பதாகக் காட்டியது, நேரமும் இப்போதைய நேரம். அப்பாவோ அதற்குள் பாதி மலை இறங்கியிருந்தார். மறுபடியும் அதே தப்பு, இந்தத் தடவை நான் கட்டியதிலேயே. கொஞ்ச நேரம் அம்மாவிடம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

காரணம் இரண்டு. சர்வர் பிடித்து வைத்திருப்பதை அவ்வப்போதுதான் வட்டில் எழுதும். அந்த இடைவெளியின் இயல்பு அளவு 1800 விநாடி, அரை மணி நேரம். திடீரென்று கரண்ட் போனால் அதற்கு முந்தினதுதான் திரும்பக் கிடைக்கும். இரண்டாவது, என்னிடம் இருக்கிற ராஸ்பெரி பையில் பேட்டரியோடு ஓடுகிற கடிகாரம் இல்லை. எழுந்ததும் இணையத்தில் நேரம் கேட்டுத்தான் திருத்திக்கொள்ளும். நான் தகவல் வந்து சேர்ந்த நேரத்தை எழுதியிருந்தேன், அளந்த நேரத்தை அல்ல. பழைய தகவல் புது நேரத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது.

நெட்வொர்க்காரர்கள் இதே பிரச்சினையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தரநிலையைப் புரட்டினேன். 2ஜி காலத்திலிருந்தே ஒவ்வொரு சந்தாதாரரும் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பதை ஹெச்எல்ஆர் என்ற தலைமைப் பதிவேடு வைத்திருக்கும், அந்தந்தப் பகுதி விவரத்தை விஎல்ஆர் என்ற அந்தப் பகுதிப் பதிவேடு வைத்திருக்கும். ஹெச்எல்ஆர் விழுந்து எழுந்தால் தன் பிரதியிலிருந்து பழையதை எடுத்துக்கொள்ளும், ஆனால் அதை அப்படியே நம்பாது. விஎல்ஆர்களுக்கு 'ரீசெட்' என்று ஒரு செய்தி அனுப்பும். அதற்குப் பிறகு ஒவ்வொரு போனும் அடுத்த தடவை தலைகாட்டும்போது விஎல்ஆர் அதன் இடத்தை ஹெச்எல்ஆருக்கு மறுபடி உறுதி செய்யும். உறுதியாகாதது உறுதியாகாததாகவே குறித்து வைக்கப்படும். கோடிக்கணக்கான பேருக்குச் செய்கிற ஏற்பாடு, ஒரே ஒரு அப்பாவுக்கும் பொருந்தியது.

இப்போது ராஸ்பெரி பை எழுந்தவுடன் 'மறுபடி சொல்' என்று ஒரு செய்தி போடும். போன் தன் கோப்பிலிருந்து கடைசிச் சிலவற்றை வரிசை எண்ணோடு திரும்ப அனுப்பும். அது வரும் வரை திரையில் பழைய இடம் சாம்பல் நிறத்தில், 'உறுதியில்லை' என்ற சொல்லோடு நிற்கும். நேரம் எல்லாம் ஜிபிஎஸ் அல்லது போன் சொல்லும் அளந்த நேரம். வரிசை எண் பின்னுக்குப் போனால் எடுத்துக்கொள்வதில்லை. வந்ததை அப்போதைக்கப்போதே வட்டில் எழுதிவிடும். அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஆறு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

டேட்டா இல்லாத இடத்துக்கு எஸ்எம்எஸ். முக்கால் மணி நேரம் எதுவும் அனுப்ப முடியாவிட்டால், போன் ஏதாவது ஒரு டவரில் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் எண்ணுக்கு ஒரு செய்தி போடும். வெறும் எண்ணும் ஆங்கில எழுத்தும் என்றால் 160 எழுத்து, தமிழில் எழுதினால் 70தான். அதனால் போன் எண்களாக அனுப்பும், வீட்டில் வந்த பிறகு தமிழாகும். எஸ்எம்எஸ் நடுவில் மையத்தில் காத்திருந்து தாமதமாகவும் வரும். அளந்த நேரம் உள்ளேயே இருப்பதால் பரவாயில்லை.

அம்மா வரைபடம் வேண்டாம் என்றார். புள்ளியைப் பார்த்தாலே நவம்பர் ஞாபகம் வருகிறதாம். அவருக்கு ஒரே வரி: "களம் பக்கம். 4.10க்கு. 60 மீட்டர் சுற்றுக்குள்." அரை மணிக்கு மேல் பழசானால் வரி தலைகீழாக மாறும்: "4.10க்குப் பிறகு தகவல் இல்லை. அப்போது களம் பக்கம்." முதலில் வர வேண்டியது 'தகவல் இல்லை' என்பதுதான், இடம் அப்புறம். இந்த ஒரு மாற்றத்துக்கு நிரலில் மூன்று வரிதான் ஆனது. மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மிச்சம் இருப்பது ஓடைப் பள்ளம். அங்கே எந்த டவரும் இல்லை, வானமும் ஒரு கீற்றுதான். நான் எதைப் போட்டாலும் அங்கிருந்து ஒன்றும் வெளியே வராது. அப்பாதான் வழி சொன்னார். "எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு அமுக்கறேன், ஏறினதும் ஒண்ணு அமுக்கறேன், போதாதா கண்ணு?" முகப்பில் இன்னும் இரண்டு பொத்தான் வைத்தேன்: 'எறங்கறேன்', 'ஏறிட்டேன்'. முதலாவது வந்து ஒன்றரை மணிக்குள் இரண்டாவது வராவிட்டால் என் போனும், லைன் வீட்டில் ஒப்புக்கொண்ட ஒருவரின் போனும் அடிக்கும்.

நேற்று 3.20க்கு 'எறங்கறேன்' வந்தது. 4.35க்கு 'ஏறிட்டேன்'. நடுவில் அம்மா இரண்டு தடவை அப்பா எங்கே என்று கேட்டார். "3.20க்குப் பள்ளத்துக்கு எறங்கினாரு, 4.50 வரைக்கும் பார்ப்போம்" என்று சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டே சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.